லிண்டன் ஜான்சன்: வாக்குரிமை தந்தவரும் வியட்நாமுக்குப் படை அனுப்பியவரும்

#1 கொல்லிமலை

கென்னடியைப் பற்றி நம்மவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அவருக்கு அடுத்து அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சனைத் தமிழில் தேடினால் நாலு பத்தி தேறவில்லை. அதனால் இந்த இழை.

1965ஆம் ஆண்டுக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 7, ஞாயிறு. அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்துபோன சுமார் 600 பேரைப் பாலத்தருகே போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் விரட்டியடிக்கிறது. மறுநாள் மார்ச் 8. சுமார் 3,500 அமெரிக்க மரைன் வீரர்கள் வியட்நாமின் தா நாங் கடற்கரையில் இறங்குகிறார்கள். மார்ச் 15 இரவு அதே அதிபர் நாடாளுமன்றத்தில் நின்று, கறுப்பின மக்களின் போராட்டப் பாடல் வரியான 'நாம் வெல்வோம்' என்பதைத் தன் வாயால் சொல்கிறார்.

ஜூலை 28இல் வியட்நாம் படையை 1,25,000ஆக உயர்த்துவதாக அறிவிக்கிறார். இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் சட்டத்தில் கையெழுத்து. அடுத்த வாரம், ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டம்.

ஒரே மனிதர், ஒரே மேசை. இவரைச் சீர்திருத்தவாதி என்று எழுதலாமா? உங்கள் கருத்து என்ன?

#2 பழையபேப்பர்

எழுதலாம், ஆனால் என்னைக் கேட்டு எழுதாதீர்கள்.

1966இல் நான் கிராமத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மதியம் அமெரிக்க உப்புமா, அமெரிக்கப் பால் பவுடர். மூட்டையில் இரண்டு கை குலுக்கும் படம் இருக்கும். அந்த மூட்டைச் சாக்கில் டவுசர் தைத்துப் போட்ட பையன்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ருசியெல்லாம் ஞாபகம் இல்லை, வாசனை மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அப்போது எனக்குத் தெரியாதது, பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: பி.எல். 480 என்கிற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்துகொண்டிருந்த கோதுமையை ஜான்சன் மொத்தமாகத் தராமல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தார். எந்தக் கப்பல் எப்போது கிளம்ப வேண்டும் என்பதில்கூட அவர் தலையீடு இருந்தது. இங்கே இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்து, பீகாரில் பஞ்சம் வாசலில் நிற்கிறது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்கிற நிலை. வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. 1965 ஏப்ரலில் சாஸ்திரிக்கு விடுத்திருந்த அழைப்பையே தள்ளிவைத்த ஆள் இவர்.

பசித்தவன் வாயருகே சோற்றைக் கொண்டுபோய் நிறுத்தி வைக்கிறவரைச் சீர்திருத்தவாதி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

#3 ஆஸ்டின்வாசி

பழையபேப்பர் ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாமே.

எங்கள் வீட்டிலிருந்து அவருடைய பண்ணை ஒன்றரை மணி நேர டிரைவ். பெடர்னாலஸ் என்று ஒரு சின்ன ஆறு. அதன் கரையில் 1908 ஆகஸ்ட் 27 அன்று பிறந்தார். அப்பா டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர், பருத்தி விலை விழுந்ததும் கடனில் மூழ்கினார். ஊரில் மரியாதையாக இருந்த குடும்பம், மளிகைக் கடைக்காரர் கடன் கேட்கும் நிலைக்கு வந்தது. அந்த அவமானம் பையனை விடவே இல்லை.

கல்லூரிப் படிப்புக்குக் காசில்லாமல் 1928இல் ஒரு வருடம் வாத்தியார் வேலைக்குப் போனார். மெக்சிகோ எல்லைப் பக்கம் கோடுல்லா என்கிற ஊர். பள்ளி முழுக்க மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள், பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள். முதல் சம்பளத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கினார். கொல்லிமலை சொன்ன மார்ச் 15 பேச்சில் இந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். தங்களை ஏன் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் பிடிக்கவில்லை என்பது அவர்கள் கண்ணில் தெரிந்தது என்று சொல்கிறார். எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று மின்சாரம். 1930களில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கரண்டே கிடையாது. பெண்கள் கிணற்றில் இறைத்துச் சுமந்துவந்து, அண்டாவில் துணி வேகவைத்துத் துவைத்து, மறுநாள் விறகடுப்பில் காய வைத்த இரும்புக் கட்டியால் தேய்க்க வேண்டும். டெக்சாஸ் ஜூலை வெயிலில், அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு. ஒரு மைலுக்கு இத்தனை வீடு இருந்தால்தான் கம்பி இழுப்போம் என்று அரசு விதி. வீடுகளோ தூரம் தூரமாக இருந்தன. 1937இல் எம்பி ஆன ஜான்சன் விடாப்பிடியாக ரூஸ்வெல்ட் வரைக்கும் போய் அந்த விதிக்கு விலக்கு வாங்கினார். 1939இல் விளக்கு எரிந்தது. இந்த ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசினால் முதலில் வியட்நாமைச் சொல்ல மாட்டார்கள், பல்பைத்தான் சொல்வார்கள்.

#4 நடுநிசி

ஏழை வீட்டுப் பையன், வாத்தியார், விளக்கு எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது பெட்டி எண் 13க்கு வருவோமா?

1948, செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சி நடத்திய மறுதேர்தல். கிட்டத்தட்ட 10 லட்சம் வாக்கு. ஜான்சன் தோற்றுக்கொண்டிருக்கிறார். வாக்குப்பதிவு முடிந்து ஆறு நாள் கழித்து ஆலிஸ் என்கிற ஊரின் 13ஆம் எண் பெட்டியில் 202 வாக்குகள் புதிதாக 'கண்டுபிடிக்கப்பட்டன'. அதில் 200 ஜான்சனுக்கு. வாக்காளர் பெயர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகர வரிசையில்! ஊரே அகர வரிசையில் வந்து நின்று ஓட்டுப் போட்டதாம். வித்தியாசம் 87 வாக்கு. 'மாபெரும் வெற்றி லிண்டன்' என்று கிண்டல் பெயரே வந்தது.

அப்புறம் 1964 ஆகஸ்ட், ஜனநாயகக் கட்சியின் அட்லாண்டிக் சிட்டி மாநாடு. மிசிசிப்பியில் வாக்குரிமைக்காகப் போராடி ஜெயிலில் அடி வாங்கிய ஃபேனி லூ ஹேமர் என்கிற பண்ணைத் தொழிலாளி, தன் கதையை டிவியில் நேரலையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜான்சன் என்ன செய்தார்? அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி கேமராக்களைத் தன் பக்கம் இழுத்தார். தெற்கத்தி வெள்ளையர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற பயம். ஆனால் அன்று இரவே டிவிக்காரர்கள் ஹேமரின் பேச்சைத் திரும்பப் போட்டார்கள். நாடே பார்த்தது.

செல்மாவில் அடி வாங்கியது யார்? மிசிசிப்பியில் செத்தது யார்? அவர்கள் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் இந்த மனிதர் பேனாவை எடுத்திருப்பாரா?

#5 கணக்குப்பிள்ளை

நடுநிசி சொன்னதில் பாதி சரி. தெருவில் போராட்டம் இல்லாமல் சட்டம் வந்திருக்காது. ஆனால் தெருவில் போராட்டம் மட்டும் இருந்த எத்தனையோ வருடங்களிலும் சட்டம் வரவில்லையே. மசோதா எங்கே செத்துக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

சிவில் உரிமை மசோதாவை 1963 ஜூனில் கென்னடி அனுப்பினார். மசோதாவை விவாதத்துக்கு விடும் பிரதிநிதிகள் சபை விதிக் குழுவின் தலைவர், வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அதையும் தாண்டினால் செனட்டில் மணிக்கணக்காகப் பேசிப் பேசியே மசோதாவைக் கொல்லும் வழக்கம் காத்திருந்தது. பேச்சை நிறுத்த அன்று 67 வாக்கு வேண்டும். சிவில் உரிமை மசோதா ஒன்றுக்கு அந்த 67 அதுவரை கிடைத்ததே இல்லை.

கென்னடி கொல்லப்பட்டு ஐந்தாம் நாள் ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசினார். சம உரிமை பற்றி நூறு வருடமாகப் பேசியாயிற்று, இனி அதைச் சட்டப் புத்தகத்தில் எழுதும் நேரம் என்றார். இந்த மசோதாவில் கைவைத்தால் பெயர் கெடும் என்று ஆலோசகர்கள் தடுத்தபோது, 'பின்னே அதிபர் பதவி எதற்கு?' என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

அவர் பலம் எண்ணிக்கை. ஆறு வருடம் செனட்டில் பெரும்பான்மைத் தலைவராக இருந்தவர். யாருக்கு அணை வேண்டும், யாருக்கு நீதிபதிப் பதவி வேண்டும், யார் எந்த நேரத்தில் குடிப்பார் என்பதெல்லாம் விரல்நுனியில். ஆறேகால் அடி உயரம். எதிராளியின் மூக்கோடு மூக்கு உரசக் குனிந்து, கோட்டுக் காலரைப் பிடித்துப் பேசுவார். செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான எவரெட் டர்க்சன் இல்லாமல் 67 வராது என்று முதல் நாளே தெரியும். அதனால் புகழ் முழுவதும் டர்க்சனுக்குப் போகட்டும் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார்.

1964 ஜூன் 10. செனட் நடந்த 60 நாள்கள் இந்த மசோதாவிலேயே கழிந்திருந்தன. கடைசியாக மசோதாவை எதிர்த்த செனட்டர் ராபர்ட் பேர்ட் இரவு முழுக்க 14 மணி நேரத்துக்கு மேல் பேசி உட்கார்ந்தார். வாக்கெடுப்பு. கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிலுக்கு மூளையில் கட்டி, பேச்சே போய்விட்டது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் 'ஆம்' வாக்குக்கும் ஒரே ஒலி. எண்ணிக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவர் இறந்துவிட்டார்.

71க்கு 29. ஜனநாயகக் கட்சி 44, குடியரசுக் கட்சி 27. ஜூலை 2இல் கையெழுத்து. கடை, ஓட்டல், தியேட்டர் எதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டமாயிற்று.

#6 மொட்டைமாடி

எல்லாரும் சீரியஸாகப் போகிறீர்கள். இவர் ஒரு கால்சட்டைக் கம்பெனிக்கு வெள்ளை மாளிகையிலிருந்து போன் போட்டு ஆறு பேண்ட் ஆர்டர் செய்த ஒலிப்பதிவு இருக்கிறதே, கேட்டிருக்கிறீர்களா? எங்கே பிடிக்கிறது, எங்கே ஒரு அங்குலம் விட வேண்டும் என்று உறுப்பு உறுப்பாக விளக்குவார். பாக்கெட்டை ஆழமாக வை, உட்கார்ந்தால் கத்தியும் சில்லறையும் விழுகிறது என்பார். நடுவில் ஒரு ஏப்பம் வேறு.

#7 மட்டுறுத்துநர்

பேண்ட் வேண்டாம், இழைக்கு வாருங்கள். (கேட்டேன். சிரித்தேன்.)

#8 நாடித்துடிப்பு

நான் மருத்துவத் துறையில் இருக்கிறேன், அதனால் மெடிக்கேரைப் பற்றி மட்டும். கையெழுத்துப் போட வாஷிங்டனில் உட்காராமல் மிசோரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் ஊருக்குப் போனார். அங்கேதான் ஓய்வுபெற்ற ஹாரி ட்ரூமன் இருந்தார், இருபது வருடம் முன் தேசிய மருத்துவக் காப்பீடு கேட்டுத் தோற்றவர். முதல் அட்டை அவருக்கு. அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

பலரும் கவனிக்காதது அடுத்த வருடம் நடந்தது. அன்று தெற்கில் மருத்துவமனைகளில் வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பருக்கு ஒரு வார்டு. சில இடங்களில் கறுப்பருக்கு அனுமதியே இல்லை. 1966 ஜூலை 1 முதல் மெடிக்கேர் பணம் வரும். ஆனால் 1964 சட்டப்படி, நிறம் பார்க்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ஆய்வாளர்கள் வார்டு வார்டாகப் போய், படுக்கை எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்த்தார்கள். சில மாதத்தில் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் வழிக்கு வந்தன. பள்ளிக்கூடங்களில் நிறம் பிரிப்பது செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்து வருடம் இழுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் பேசினால் வார்டுச் சுவர் இடிகிறது.

#9 பழையபேப்பர்

பணம் பேசினால் இடிகிறது. சரி. எங்களுக்குக் கோதுமையிலும் அதே வித்தைதானே காட்டினார்! 'விவசாயத்தைச் சரிசெய், இல்லையேல் கப்பல் தாமதமாகும்.'

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர் மிரட்டலால்தான் பசுமைப் புரட்சி வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அது முழு உண்மையாகாது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆளான சி. சுப்பிரமணியம் 1964இல் உணவு அமைச்சரானதுமே விலை, விதை, உரம் மூன்றையும் கையில் எடுத்துவிட்டார். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் செய்துகொண்ட உடன்பாட்டில் இருந்த பலவும் சுப்பிரமணியமே செய்ய நினைத்தவை. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்ததும் அவர் துணிந்து எடுத்த முடிவுதான். அந்த வருடம் வெளிநாட்டுத் தானியம் ஏறக்குறைய ஒரு கோடி டன் வந்தது, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. பஞ்சச் சாவுகள் பெரிய அளவில் தடுக்கப்பட்டன, மறுக்கவில்லை. தட்டில் போட்ட விதம்தான் தொண்டையில் நிற்கிறது.

#10 நடுநிசி

கணக்குப்பிள்ளைக்கும் நாடித்துடிப்புக்கும் பதில். நீங்கள் புகழும் அதே திறமை ஆகஸ்ட் 1964இல் என்ன செய்தது?

வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கக் கப்பல்கள் மேல் இரண்டாவது தாக்குதல் என்றார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது இன்று நிரூபணமான விஷயம். சந்தேகம் அன்றே இருந்தது. ஆகஸ்ட் 7இல் போர் நடத்த அதிகாரம் தரும் தீர்மானம்: பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. எதிர்த்தவர்கள் மோர்ஸ், க்ரூனிங் இரண்டே பேர். வாக்குச் சேகரிக்கும் கலை எவ்வளவு அழகாக வேலை செய்தது பாருங்கள்.

1963 முடிவில் அங்கே சுமார் 16,000 ஆலோசகர்கள். 1968இல் ஐந்து லட்சத்துக்கு மேல் படை. மொத்தத்தில் 58,000க்கும் அதிகமான அமெரிக்கர்களும், எண்ணி முடியாத வியட்நாம் மக்களும் செத்தார்கள். 1967 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் இந்தப் போரை எதிர்த்துப் பேசினார். வறுமை ஒழிப்புக்கான பணத்தையும் இளைஞர்களையும் இந்தப் போர் உறிஞ்சுகிறது என்றார். அதோடு ஜான்சனுக்கும் கிங்குக்கும் உறவு முறிந்தது.

#11 கொல்லிமலை

நடுநிசி, உங்கள் பதிவுக்குப் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். எனக்கே தலை சுற்றும் ஒன்று அகப்பட்டது.

ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல். செனட்டில் ஜான்சனைக் கைப்பிடித்து வளர்த்த குரு. திருமணம் செய்யாதவர், ஞாயிற்றுக்கிழமை ஜான்சன் வீட்டில்தான் சாப்பாடு, பெண் பிள்ளைகளுக்கு 'டிக் மாமா'. சிவில் உரிமை மசோதாவை எதிர்த்த தெற்கத்திப் படைக்குத் தளபதியும் இவரேதான். 1964இல் குருவை மோதிக் கடந்துதான் சீடன் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

அதே ரஸ்ஸலுக்கு அதே வருடம் மே 27 அன்று ஜான்சன் போன் செய்து, வியட்நாமில் என்ன செய்யலாம் என்று கேட்கிறார். ரஸ்ஸலுக்கு அந்தப் போரில் துளியும் நம்பிக்கை இல்லை, வெளியே வந்துவிடுவதுதான் அவர் விருப்பம். நிற வெறியில் ஊறிய மனிதர் போரைப் பற்றிச் சரியாகச் சொல்கிறார். சமத்துவத்துக்காக அவரோடு மோதிய மனிதர் இந்த ஒன்றில் அவர் சொல்லைக் கேட்கவில்லை.

இந்த மாதிரி இடத்தில் நல்லவர், கெட்டவர் பட்டியலைச் சுருட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

#12 எடிசன்ராஜி

தாமதமாக வருகிறேன். யாரும் 1965 அக்டோபர் 3ஐத் தொடவில்லையே? நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் காலடியில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்.

1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946இல் கதவு திறந்தார்கள், வருடத்துக்கு 100 பேர். முழு இந்தியாவுக்கும் நூறே பேர்! 1965 சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, ஒரு நாட்டுக்கு 20,000 வரை என்று பொது வரம்பு வைத்தது. திறமைக்கும் குடும்பத்துக்கும் முன்னுரிமை. என் மாமனார் 1971இல் ஒரு பெட்டி, எட்டு டாலரோடு வந்து இறங்கியது இந்தச் சட்டத்தில்தான். இந்த ஊரில் இன்று தெருவுக்கு ஒரு இட்லிக் கடை.

வேடிக்கை என்னவென்றால், இது புரட்சிகரமான சட்டமில்லை, லட்சக்கணக்கானோர் வாழ்க்கையை மாற்றாது என்று கையெழுத்திட்ட அன்றே ஜான்சன் சொன்னார். வாக்கை எண்ணத் தெரிந்தவருக்கு ஆளை எண்ணத் தெரியவில்லை!

#13 பழையபேப்பர்

ராஜி அம்மா, எட்டு டாலர் கதையை எல்லா அமெரிக்க மாமனாரும் சொல்கிறார்கள். எட்டு என்று ரிசர்வ் வங்கி விதியா, இல்லை மாமனார்கள் கூடிப் பேசி முடிவு செய்ததா?

#14 எடிசன்ராஜி

விதிதான் ஐயா, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. என்ன, அவர் சொல்லச் சொல்ல அது குறைந்துகொண்டே வருகிறது.

#15 கணக்குப்பிள்ளை

பலன் என்ன என்று கேட்பவர்களுக்குச் சில எண்கள். 1964இல் அமெரிக்காவில் அதிகாரப்பூர்வ வறுமை விகிதம் 19 சதவீதம். 1969இல் 12.1. அந்த இறக்கத்தில் பொருளாதார வளர்ச்சிக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுத மாட்டேன். மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்த கறுப்பினத்தவர் 1965இல் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இரண்டு வருடத்தில் ஏறத்தாழ அறுபது. இதில் வேறு யாரையும் பங்கு கேட்க விடமாட்டேன், சட்டமும் அதற்கு முன் அடி வாங்கிய மக்களும்தான்.

விலையும் கொடுத்தார். தெற்கைக் கட்சி நெடுங்காலத்துக்கு இழந்துவிட்டது என்று 1964 சட்டக் கையெழுத்து இரவில் அவர் சொன்னதாக உதவியாளர் பில் மோயர்ஸ் பின்னாளில் எழுதினார். அந்த நவம்பரில் 61 சதவீத வாக்கோடு ஜெயித்தபோதும் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தெற்குக் கரோலினா ஐந்தும் எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்குப் போயின.

வாக்குரிமைச் சட்டமும் சாகாவரம் பெற்றதில்லை. எந்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற முன்அனுமதி வாங்க வேண்டும் என்று சொன்ன பகுதியை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

#16 ஆஸ்டின்வாசி

1968 மார்ச் 31 டிவி பேச்சின் கடைசியில் இனி போட்டியிட மாட்டேன் என்று சொன்னார், பதவிக்காலம் முடிந்ததும் இந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். முடியை நீளமாக வளர்த்துக்கொண்டார், விட்ட சிகரெட்டைத் திரும்பப் பிடித்தார். பண்ணையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர் படித்த பழைய ஒற்றை வகுப்புப் பள்ளி இருக்கிறது. 1965 ஏப்ரலில் பள்ளிக் கல்விச் சட்டத்துக்கு அங்கேதான் கையெழுத்திட்டார். நாலு வயதில் அவரை மடியில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்ன கேட் டீச்சரைத் தேடிப்பிடித்து வரவழைத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. போனமாதம் என் மகளைக் கூட்டிப்போனேன். வாசலில் இரண்டு மேசை போட்டால் இடம் முடிந்துவிடும், அவ்வளவு சின்னக் கட்டடம்.

1972 டிசம்பரில் ஆஸ்டினில் சிவில் உரிமைக் கருத்தரங்கு. இதயம் மோசம், போகாதீர்கள் என்றார்கள் டாக்டர்கள். போனார். பேச்சின் நடுவில் மேடையிலேயே மாத்திரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். போதுமான அளவு செய்யவில்லை என்று தன்னைப் பற்றியே சொன்னார்.

1973 ஜனவரி 22 அன்று பண்ணையில் இறந்தார். 1968இல் போட்டியிட்டு ஜெயித்திருந்தால் அந்தப் பதவிக்காலம் இரண்டு நாள் முன்புதான் முடிந்திருக்கும். அவர் இறந்த மறுநாள் வியட்நாம் சமாதான உடன்பாடு எட்டப்பட்டதாக நிக்சன் அறிவித்தார்.

#17 மொட்டைமாடி

மட்டுறுத்துநர் மன்னிக்க, பேண்ட்டுக்குத் திரும்புகிறேன். அந்தப் போன் 1964 ஆகஸ்ட் 9. நடுநிசி சொன்ன டோன்கின் தீர்மானம் நிறைவேறி இரண்டே நாள். அது இப்போதுதான் உறைத்தது.

அதனால் நேற்று ராத்திரி கொல்லிமலை சொன்ன மே 27 பதிவுகளையும் தேடிக் கேட்டேன். ரஸ்ஸலோடு பேசிய அன்றே ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியோடும் பேசியிருக்கிறார். இந்த இடம் சண்டை போடத் தகுந்ததாகத் தெரியவில்லை, வெளியே வரவும் வழி தெரியவில்லை என்கிறார். அப்புறம் தன்னிடம் வேலை செய்யும் ஒரு சார்ஜெண்டைப் பற்றிப் பேசுகிறார். அன்று காலை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், ஆறு சின்னப் பிள்ளைகளாம் அவனுக்கு. எதற்காக இவனை அங்கே போகச் சொல்வேன் என்று கேட்கிறார்.

பண்டியிடம் அதற்குப் பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.